பால்கனியா, ஹால் மூலையா? ஒரே வீட்டில் இரண்டு பேர் படம் வரைய

அம்மா தஞ்சாவூர் ஓவியம் செய்கிறார். நான் நீர்வண்ணமும் எண்ணெய் வண்ணமும் தீட்டுகிறேன். சென்னையில் இரண்டு படுக்கையறை வீடு. எங்களுக்குக் கிடைத்தது நாலடி அகலப் பால்கனியும், ஹாலில் ஜன்னலோர மூலையும்தான். இரண்டு பேரும் இரண்டு இடத்திலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டோம்.

வெளிச்சத்துக்குப் பால்கனிதான். எங்களுடையது வடக்குப் பார்த்தது. வடக்கு வெளிச்சம் வருஷம் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்பார்கள். சென்னைக்கு அது பாதிதான் சரி. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால், காலையும் மாலையும் சாய்வெயில் நேராக உள்ளே வரும். ஏழு மணிக்குக் கலந்த நீலம் ஒன்பது மணிக்கு வேறு நீலமாகத் தெரியும். வெள்ளை மல் துணியில் ஒரு திரை போட்டேன், சரியாகிவிட்டது.

ஆனால் அம்மாவுக்குப் பால்கனி ஒத்தே வராது. தங்க ரேக்கு ஒட்டும் நாளில் பார்க்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வியர்வை படத்தில் சொட்டாமல் நெற்றியை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, ரேக்கை மெல்ல இறக்குவார். அப்போது மூச்சுக்கூட அடக்கித்தான் விடுவார். அந்த மெல்லிய தகட்டுக்குப் பால்கனிக் காற்று ஆகுமா? எனக்கோ அந்தக் காற்று வேண்டும். டர்பன்டைன் வாடை ஹாலில் நின்றால் ராத்திரிச் சாப்பாடு வரை போகாது.

இருவருக்கும் ஒரே பெரிய மேசை என்ற யோசனையையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மக்கு வேலைக்கு, அதாவது படத்தில் புடைப்பு எழுப்பும் பூச்சுக்கு, அம்மா குழைக்கும் சாக் பவுடர், காயாத என் வானத்தில் போய் உட்கார்ந்தது. அப்புறம்தான் தனித்தனியாகப் பிரித்தோம். அம்மாவுக்கு ஹால் மூலையில் தரையோடு தரையாகச் சாய்வான கணக்குப்பிள்ளை மேசை. எனக்குப் பால்கனிச் சுவரில் கீல் வைத்த மடக்குப் பலகை, ஒன்றரை அடிக்கு மூன்றடி. 15-க்கு 22 அங்குல அரைத்தாள் தாராளமாக உட்காரும். மடக்கிவிட்டால் துணி காயப்போட வழி கிடைக்கும்.

எண்ணெய் வண்ணக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது அது. நான் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் பால்கனி தோற்றுப்போகும். சாரல் ஒரு பக்கம், ஈரத்தில் தாளில் பூஞ்சைப் புள்ளி இன்னொரு பக்கம். அந்த இரண்டு மாதமும் தாள்கள் பிளாஸ்டிக் உறையில் பீரோவுக்குள் போய்விடும். எண்ணெய் வண்ணத்துக்கு விடுமுறை. நீர்வண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் ஹாலுக்கு வருவேன். அம்மா ரேக்கு ஒட்டாத நாட்களில் மட்டும்.