பூனையின் பதற்றத்துக்கு எது: ஃபெரோமோன் ஸ்பிரேயா, டிஃப்யூசரா, மூலிகைத் தெளிப்பா?

வீட்டுப் பூனைக்குப் பதற்றம் வரும் வேளைகள் நமக்குத் தெரிந்தவைதான். கால்நடை மருத்துவரிடம் ஆட்டோவில் போகும் பயணம், தீபாவளி வெடிச்சத்தம், வீடு மாறும் வாரம், விருந்தாளிகள் நிறைந்த வீடு. இவற்றுக்கென்று விற்கப்படுபவை மூன்று வகை: ஃபெரோமோன் (பூனைகள் அடையாளத்துக்காக உடலிலிருந்து வெளியிடும் வேதிப்பொருள்) கலந்த ஸ்பிரே, அதே ஃபெரோமோனை மின்சாரத்தில் சூடாக்கிப் பரப்பும் டிஃப்யூசர், லாவெண்டர் போன்ற எண்ணெய்கள் கலந்த மூலிகைத் தெளிப்பு. எங்கள் வீட்டுப் பூனைகள் இரண்டுக்காகவும் விசாரித்து, படித்து, மருத்துவரிடமும் கேட்டு, நான் வாங்கியது ஸ்பிரே. இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

எதை வாங்குவதற்கு முன்பும் பூனையின் உடல்நிலையைப் பார்த்துவிட வேண்டும். மணல் தட்டை ஒழுங்காகப் பயன்படுத்தி வந்த பூனை திடீரென்று வெளியே சிறுநீர் கழித்தால், அது சிறுநீர்ப்பை அழற்சியாகவும் இருக்கலாம். ஆண் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது உயிருக்கு ஆபத்தான அடைப்பு. அன்றைக்கே, அந்த வேளையிலேயே மருத்துவரிடம் ஓட வேண்டும். கருத்தடை செய்யாத ஆண் பூனை சுவரில் பீய்ச்சி அடிக்கிறது என்றால் அதற்கு முதல் தீர்வு கருத்தடைதான். பெரும்பாலான பூனைகளிடம் அந்தப் பழக்கம் அதோடு அடங்கிவிடும்.

மூலிகைத் தெளிப்பை நான் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டேன். ‘இயற்கையானது’ என்ற சொல்லுக்குப் பூனையின் உடலில் எந்த மதிப்பும் இல்லை. நம் கல்லீரல் எளிதாக உடைத்து வெளியேற்றும் பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் அவ்வாறு வெளியேற்ற முடியாது. ஃபீனால் வகைப் பொருள்களைக் கரையும் வடிவத்துக்கு மாற்றும் நொதி வழி ஒன்று அதற்கு மிகவும் பலவீனம். டீ ட்ரீ எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், புதினா எண்ணெய், பட்டை எண்ணெய், எலுமிச்சை வகை எண்ணெய்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. லாவெண்டர் எண்ணெயும் பூனைக்கு ஒவ்வாத பட்டியலில்தான் இருக்கிறது. காற்றில் தெளித்தாலும் துளிகள் ரோமத்தில் படியும். விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னை நக்கிச் சுத்தம் செய்வதில் கழிக்கும் பிராணியின் வயிற்றுக்குள் அவை போய்ச் சேரும். எச்சில் வடிதல், வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை நச்சின் அறிகுறிகள். கொஞ்சமாகக் கலந்திருந்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் அமைதிப்படுத்தவென்று வாங்கும் பொருளில் அந்தச் சந்தேகமே எனக்கு வேண்டாம்.

இதே காரணத்தால்தான் பூனை பீய்ச்சிய இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவுவதையும் நிறுத்தச் சொல்கிறேன். நம் வீடுகளில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஈரத் தரையில் நடந்த பாதத்தைப் பூனை நக்கும். பூனைச் சிறுநீருக்கென்றே விற்கும் நொதி கலந்த திரவம் பாதுகாப்பானது. வாடையையும் அதுதான் உண்மையில் எடுக்கும்.

பூனைகளை ஈர்க்கும் கேட்னிப் என்ற செடியின் ஸ்பிரேயை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. அது முதலில் கிளர்ச்சியைத்தான் தரும். பூனை உருளும், தேய்க்கும், சில நிமிடங்களில் அடங்கும். மூன்றில் ஒரு பங்குப் பூனைகளுக்கு அது எந்த விளைவும் தராது. நம் ஊர்க் குப்பைமேனியின் வேரைத் தோண்டிப் போட்டால் பூனைகள் சுற்றி வந்து புரளுவதும் இதே வகை. பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயரே உண்டு. வீட்டில் சோம்பிக் கிடக்கும் பூனைக்கு நல்ல விளையாட்டு. பயந்த பூனையைக் கூண்டில் ஏற்றும்போது அதனால் பயன் இல்லை.

இனி ஸ்பிரேயும் டிஃப்யூசரும். இரண்டும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். பூனை நாற்காலிக் காலிலும் நம் முழங்காலிலும் கன்னத்தைத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கன்னச் சுரப்பியிலிருந்து வரும் அந்தப் பூச்சு, ‘இது எனக்குப் பழகிய இடம்’ என்று பூனை தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் அடையாளம். 1990-களில் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் பாட்ரிக் பாஜா அதன் கூறுகளைப் பிரித்துக் காட்டினார். அவற்றில் எஃப்-3 என்ற கூறின் செயற்கை வடிவம்தான் ஃபெலிவே கிளாசிக் என்ற பெயரில் விற்கும் ஸ்பிரேயிலும் டிஃப்யூசரிலும் இருப்பது. நமக்கு அதில் வாசனை எதுவும் தெரியாது. பூனை அதைத் தன் மேல்வாயில் திறக்கும் தனி உறுப்பால் உணர்கிறது. அது மயக்க மருந்து அல்ல. தூக்கம் வராது, உடலில் சேராது.

வேறுபாடு பயன்பாட்டில் இருக்கிறது. டிஃப்யூசரின் ஒரு குப்பி ஏறத்தாழ 30 நாள் வரும். 50 முதல் 70 சதுர மீட்டர் வரை எட்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. நம் அளவில் சொன்னால் 540 முதல் 750 சதுர அடி. இரவும் பகலும் பிளக்கில் இருக்க வேண்டும். குப்பி தீர்ந்ததும் புதியது வாங்க வேண்டும்; சூடாக்கும் பகுதியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அலமாரிக்குப் பின்னாலோ சோபாவுக்கு அடியிலோ செருகக் கூடாது, காற்றோட்டம் அடித்துச் செல்லும் இடத்திலும் வைக்கக் கூடாது.

கடைசியில் சொன்ன இந்த நிபந்தனைதான் என் முடிவைத் தீர்மானித்தது. இந்தச் சாதனம் சன்னல் மூடிய வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. சென்னை வீட்டில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சன்னல் திறந்திருக்கும், கூடத்தில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடும், பால்கனிக் கதவு காற்றுக்காகவே திறந்து கிடக்கும். கொசுவிரட்டித் திரவத்தைச் செருகிவிட்டு மின்விசிறியை ஓட்டினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். இதற்கும் அதே கதிதான். அதோடு மின்வெட்டும், யாரோ கைபேசிக்கு மின்னேற்ற அதைப் பிடுங்கி வைப்பதும் உண்டு. இவ்வளவையும் தாண்டி மாதாமாதம் குப்பி வாங்கும் செலவு. இறக்குமதிப் பொருள் என்பதால் கடையில் எப்போதும் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. தொடர்ந்து ஓடினால்தான் பயன் தரும் ஒரு சாதனம் பாதியில் நின்றால், அதுவரை போட்ட பணமும் வீண்.

ஸ்பிரேக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. தேவைப்படும் நாளில், தேவைப்படும் இடத்தில் அடித்தால் போதும். மூடிய பயணக் கூண்டுக்குள் காற்று அதை அடித்துக்கொண்டு போவதும் குறைவு. ஒரு புட்டி நெடுநாள் வரும், மூடி வைத்தால் அடுத்த பயணத்துக்கும் இருக்கும்.

ஆனால் அதைப் பயன்படுத்தும் முறையில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒரு விதி இருக்கிறது. ஸ்பிரேயில் ஆல்கஹால் கலந்திருக்கிறது. அடித்த உடனே பூனையை உள்ளே விட்டால் அந்த நெடியே அதை வெருட்டும். கூண்டின் மூலைகள், தரை, கூரை என்று 8 முதல் 10 முறை அடித்துவிட்டு, 15 நிமிடமாவது காய விட வேண்டும். அதன் பிறகே பூனை. பூனையின் மேல் நேரடியாக ஒருபோதும் அடிக்கக் கூடாது. பூனை உள்ளே இருக்கும்போது கூண்டுக்குள்ளும் அடிக்கக் கூடாது. விளைவு நான்கைந்து மணி நேரம் நிற்கும். நீண்ட பயணம் என்றால் அடித்துக் காயவைத்த இன்னொரு துண்டைப் பையில் எடுத்துச் செல்லலாம். எங்கள் பூனைகளில் மூத்தது கூண்டைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். இப்போது உள்ளே இருக்கும் துண்டில் கன்னத்தைத் தேய்த்துவிட்டு உட்கார்கிறது. வழியில் கத்துகிறது, ஆனால் வாய் பிளந்து மூச்சிரைப்பது நின்றுவிட்டது. அதற்குக் கூண்டை எப்போதும் கூடத்திலேயே திறந்து வைத்து, உள்ளே உணவு வைத்துப் பழக்கியதும் காரணம். இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2010-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதுவரை நடந்த ஃபெரோமோன் ஆய்வுகளை அலசி, பல பயன்பாடுகளுக்குச் சான்று போதாது என்றது. பிறகு வந்தவற்றில் மருத்துவமனை வருகையின்போது பதற்றம் குறைந்ததாகச் சொன்னவையும் உண்டு, வித்தியாசம் இல்லை என்றவையும் உண்டு. தீங்கில்லாத, உதவ வாய்ப்புள்ள ஒரு துணை என்ற அளவில்தான் ஸ்பிரேயை நான் பரிந்துரைக்கிறேன்.

டிஃப்யூசருக்கு நியாயமான இடமும் இருக்கிறது. புதிய வீட்டுக்குப் பழக வாரங்கள் எடுக்கும் பூனை, பல மாதங்களாக ஒரே அறையில் பீய்ச்சும் பூனை போன்ற நீடித்த சிக்கலுக்கு, தினமும் கையால் ஸ்பிரே அடிப்பது அலுத்துப்போகும் வேலை. குளிர்சாதனம் ஓடும் மூடிய அறையில் பெரும்பாலான நேரம் இருக்கும் பூனை என்றால் டிஃப்யூசரையே வாங்குங்கள். ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் பூனைகளுக்கென்று வேறு கலவைகளும் வருகின்றன. எங்கள் பூனைகள் ஒரே தாயின் குட்டிகள், சண்டை போட்டதில்லை. அதனால் அந்தக் கலவைகளைப் பற்றி அனுபவத்திலிருந்து எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

தீபாவளிக்கு ஸ்பிரேயோடு இன்னொன்றும் செய்கிறோம். சத்தம் குறைவாகக் கேட்கும் உள் அறையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, உள்ளே ஸ்பிரே அடித்துக் காய்ந்த துணியை விரித்து வைக்கிறோம். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளை வைத்து நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிட விரைவாக அமைதியடைந்தன. காசில்லாத இந்தப் பெட்டியைத் தவிர்த்துவிட்டு ஸ்பிரே மட்டும் வாங்குவது பயன் தராது. வெடி தொடங்குவதற்கு முன்பே பெட்டி பழக்கமாகியிருக்க வேண்டும் என்பதால் சில நாள் முன்கூட்டியே வைத்துவிடுங்கள்.

இவை எதற்கும் அடங்காமல், மருத்துவரின் மேசையில் கடித்துக் கீறிச் சிறுநீர் கழித்துவிடும் பூனைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு ஸ்பிரே போதாது. புறப்படும் முன் கொடுக்கும் கேபாபென்டின் மாத்திரை பயணத்தின்போதும் பரிசோதனையின்போதும் பதற்றத்தைக் குறைப்பதாக 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. அளவைப் பூனையின் எடையும் சிறுநீரக நிலையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் மனிதருக்கு வாங்கி வைத்ததை உடைத்துக் கொடுக்காதீர்கள். அடுத்த தடுப்பூசிக்கு நாள் குறிக்கும்போதே அதைப் பற்றிக் கேட்டு வைத்துக்கொண்டால், மாத்திரை கொடுக்க வேண்டிய நேரத்தையும் கூண்டில் ஸ்பிரே அடிக்க வேண்டிய நேரத்தையும் சேர்த்தே திட்டமிடலாம்.