சூப்பர் மீட்டியோர் 650-இல் நீட்டிய பக்கப்பெட்டிகள்: 2 ஆண்டு, 23,000 கிலோமீட்டர்

ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் வாங்கிய முதல் மாதத்திலேயே பக்கப்பெட்டி தேடத் தொடங்கிவிட்டேன். நானும் மனைவியும் நான்கு நாள் பயணம் கிளம்பினால் இருவர் துணிமணி, மழைக்கோட்டு, பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் ஏற வேண்டும். ஃபைபர் பெட்டி செய்து தரும் ஒரு பட்டறையில், சைலன்சரையே மறைக்கும் அளவுக்குக் கீழே நீட்டிய ஒரு ஜோடியைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 35 லிட்டர். பார்க்க அவ்வளவு எடுப்பாக இருந்ததால் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு வந்தேன்.

சமவெளியில் மூன்று மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. கொல்லிமலையில் தெரிந்தது. காரவள்ளியிலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறியது சுகமாகவே ஏறினோம். மறுநாள் இறங்கும்போது ஓர் இடது வளைவின் நடுவில் சிறு பள்ளம் ஒன்றில் வண்டி அமுங்கியது. கீழே கரகரவென்று ஒரு சத்தம். பின்சக்கரம் பிடி விட்டு, வளைவின் வெளிப்பக்கமாக ஒரு சாண் நழுவியது. எதிரே பஸ் எதுவும் வராததால் பிழைத்தோம். நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். இடது பெட்டியின் வெளி அடிமூலை ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்ந்து, உள்ளே கண்ணாடி இழை நூல் நூலாகத் தெரிந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அடிவாரம் வரும்வரை என் தோளிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

வண்டி சாயும்போது ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசினால் அது மடங்கிக்கொள்ளும். உரசும் சத்தமே எச்சரிக்கை. பெட்டி மடங்காது. அது தரையில் ஊன்றினால் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். ஆகவே முதலில் உரசுவது ஃபுட்ரெஸ்ட்டாகத்தான் இருக்க வேண்டும். இது எனக்கு முன்பே தெரியும். வீட்டு வாசலில் அளந்தும் பார்த்திருந்தேன். தவறு, காலி வண்டியை அளந்ததில்தான். ஃபுட்ரெஸ்ட் இரு சக்கரங்களுக்கும் இடையில் இருக்கிறது. பெட்டியோ பின்அச்சின் மேலும் அதற்குப் பின்னாலும் தொங்குகிறது. இன்னொருவரும் சுமையும் ஏறினால் ஃபுட்ரெஸ்ட் இறங்குவதைவிடப் பெட்டி அதிகம் இறங்குகிறது. தரையிலிருந்து 24 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்த என் பெட்டியின் அடி, நாங்கள் இருவரும் உட்கார்ந்ததும் 20-க்கு வந்துவிட்டது. அந்த மூலை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 41 சென்டிமீட்டர் வெளியே இருந்தது. கணக்குப் போட்டால், காலியாக 30 டிகிரி சாய்வில் உரச வேண்டியது சுமையோடு 26 டிகிரியிலேயே உரசும். பள்ளத்தில் ஷாக் அப்சார்பர் அமுங்கினால் அதுவும் குறையும்.

இரண்டாவது ஜோடி வாங்கும் முன் இப்படிச் சோதித்தேன். சாமான் நிரப்பி, இருவரும் உட்கார்ந்து, தம்பியை நூல் பிடிக்கச் சொன்னேன். முன்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பின்டயர் தொடும் இடம் வரை ஒரு சாக்பீஸ் கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் நுனிக்கு ஒரு நேர்க்கம்பு. அதே சாய்வில் கம்பைப் பின்னால் நகர்த்திப் பெட்டிக்குக் கீழே வைத்தால், கம்புக்கும் பெட்டிக்கும் இடையே மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாத பெட்டி எனக்கு வேண்டாம். பெட்டியை மாட்டிய பிறகு அடிமூலையில் இரண்டு சென்டிமீட்டர் தெர்மாகோல் ஒட்டி, ஆளில்லாத மைதானத்தில் வட்டமடித்தும் பார்த்தேன். தெர்மாகோலில் கீறல் இல்லை.

இப்போதைய பெட்டி கீழே நீளாமல் பின்னால் நீண்டது. அடிப்பாகம் வெளிப்பக்கமாக மேல்நோக்கிச் சரிந்திருக்கிறது. கொள்ளளவு 28 லிட்டர்தான். அந்த 7 லிட்டரை நான் ஒரு நாளும் தேடியதில்லை. பின்னால் நீட்டுவதிலும் சிக்கல் உண்டு. கனத்தைப் பின்அச்சுக்கு அப்பால் வைத்தால் முன்சக்கரம் இலேசாகி, நெடுஞ்சாலை வேகத்தில் ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும். அதனால் கருவிகளும் தண்ணீரும் பெட்டியின் முன்மூலையில், துணி வால்பக்கம். இருவராகக் கிளம்பும்போதெல்லாம் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கிக்கொள்கிறேன். ஐந்து நிமிட வேலை, சோம்பல்பட்டு விடாதீர்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள், கொட்டும் மழையில் ஏறியபோது மூடியின் ரப்பர் விளிம்பு வழியே தண்ணீர் கசிந்தது. ரப்பரை மாற்றி, அடியில் ஒரு சிறு வடிதுளை போட்ட பிறகு தொல்லை இல்லை. பெட்டியை வண்டியோடு பிணைக்கும் தாங்கியின் போல்ட்டுகள் அதிர்வில் தளர்கின்றன. 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்க்கிறேன்.

சென்ற மாதம் மீண்டும் கொல்லிமலை போய்வந்தோம். இரண்டு ஃபுட்ரெஸ்ட் நுனியும் தேய்ந்து வெள்ளி போலப் பளபளக்கின்றன. பெட்டியின் அடிமூலையில் பெயின்ட் அப்படியே இருக்கிறது.