மதுரை பெரியாஸ்பத்திரி: அப்பாவின் வயிற்றுச் சீழ்க்கட்டிக்குக் கிடைத்த சிகிச்சை

வயிற்றின் ஆழத்தில் சீழ் கட்டினால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், அதற்குப் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று பயந்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சர்க்கரை நோயாளியான என் அப்பாவுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஒரு குழாய் வைத்தே சரிசெய்தார்கள்.

சாயங்காலமானால் காய்ச்சல், வலது பக்க முதுகில் வலி, நடக்கும்போது முன்பக்கம் குனிந்த உடம்பு. முதலில் காட்டிய கிளினிக்கில் டிஸ்க் என்று சொல்லி பெல்ட் போட்டுவிட்டார்கள். வயிற்று ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. குடலில் இருக்கும் காற்று, பின்னால் உள்ள இடத்தை மறைத்துவிடுமாம். ஆனாலும் முதுகுவலியோடு காய்ச்சலும் விடாமல் இருந்தால் மேற்கொண்டு தேடியிருக்க வேண்டாமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பிரிவில் பார்த்த இளம் டாக்டரம்மா, ஃபைலைத் திறக்கும் முன் அப்பாவைப் படுக்கச் சொன்னார். வலது முழங்கால் தானாக மடங்கி நின்றது. "காலை நீட்டுங்கய்யா" என்றார். முடியவில்லை. இடப்பக்கமாகத் திருப்பி, வலது தொடையை மெல்லப் பின்னுக்கு இழுத்ததும் அப்பா அலறிவிட்டார். முதுகெலும்பை ஒட்டித் தொடைக்கு இறங்கும் சோவாஸ் தசையில் சீழ் இருக்கலாம் என்று அப்போதே சொன்னார். மருந்து ஏற்றி சி.டி. எடுக்கும் முன் கிரியாட்டினின் பார்த்தார்கள். சிறுநீரகம் தாங்குமா என்று தெரிய வேண்டுமே. சி.டி.யில் பெரிய கட்டி, பக்கத்தில் முதுகெலும்பும் அரிக்கப்பட்டிருந்தது.

அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி நுழைத்து, 'பிக்டெய்ல்' குழாயை வைத்தார்கள். அதன் நுனி உள்ளே சுருண்டுகொள்வதால் எளிதில் நழுவாது. வந்த சீழை, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும், காசநோயைக் கண்டுபிடிக்கும் சிபிநாட் பரிசோதனைக்கும் சேர்த்தே அனுப்பினார்கள். இந்தச் சிகிச்சையில் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது இதுதான். சீழை வடித்ததோடு நிறுத்தியிருந்தால் காரணம் உள்ளேயே இருந்திருக்கும். முதுகெலும்புக் காசநோய் என்று உறுதியானது. மாத்திரை முழுக்க இலவசம். காசநோயாளிகளுக்கான அரசின் நிக்‌ஷய் திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. எலும்பு என்பதால் ஒரு வருடமாவது மாத்திரை சாப்பிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

வார்டு சிஸ்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குழாய் தோலைவிட்டு வெளியே வரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, "இந்தக் கோடு தள்ளிப்போனா குழாய் நகர்ந்திருக்குன்னு அர்த்தம்" என்றார். சீழ் வடியும் பையை இடுப்புக்கு மேலே தூக்கக் கூடாது, தினமும் எவ்வளவு வடிகிறது என்று நோட்டில் எழுத வேண்டும் என்று அம்மாவுக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். வடிவது 10 மில்லிக்கும் கீழே இறங்கி, மறு ஸ்கேனில் கட்டி சுருங்கியதைப் பார்த்த பிறகே குழாயை எடுத்தார்கள்.

போகிறவர்கள் பழைய ஸ்கேன் படங்களையும் சர்க்கரைக் கணக்கையும் எடுத்துப் போங்கள். உடன் ஒரு ஆள் இருப்பது அவசியம். அப்புறம், குழாயோடு வீட்டுக்கு வந்தபின் வடிவது திடீரென நின்று காய்ச்சலும் அடித்தால், குணமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். குழாய் அடைத்திருக்கலாம், அன்றைக்கே திரும்பப் போய்க் காட்டுங்கள்.