ரயில் சஞ்சிகைக்குக் கொடுக்கிற காசு: கொழும்பிலிருந்து ஓர் ஒப்பீடு

மாதிரி ரயில் கட்டுகிற எங்கள் சின்னக் கூட்டத்தில் பல வருடமாகத் தீராத வாக்குவாதம் ஒன்று உண்டு. சஞ்சிகைக்குக் காசு கொடுப்பது பிரயோசனமா, இல்லையா? கொடுப்பதென்றால் எதற்கு? கொட்டாஞ்சேனை நண்பர் அமெரிக்காவின் 'மொடல் ரெயில்ரோடர்' பக்கம். தெமட்டகொடை லோகோ ஷெட்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணை, இங்கிலாந்தின் 'ரெயில்வே மொடலர்' தவிர வேறொன்றையும் ஏற்கமாட்டார். தெஹிவளையில் இருக்கும் தம்பி கணினி வேலை செய்பவர். இணையத்தில் எல்லாம் சும்மா கிடைக்கும்போது சஞ்சிகை எதற்கு என்பது அவருடைய கேள்வி. நான் மூன்றையும் பார்த்துவிட்டு நாலாவது பக்கம் போனவன். அது மருதானைப் பழைய புத்தகக் கடைகளின் பக்கம்.

ஒப்பிடுவதற்கு முன்னால் எங்கள் நிலைமையைச் சொல்லவேண்டும். இலங்கையின் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். மாதிரி ரயிலில் 'எச்ஓ' என்ற அளவு, உண்மையான ரயிலில் 87இல் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் எங்கள் தண்டவாளத்துக்கு 19.3 மில்லிமீற்றர் அகலம் வரவேண்டும். கடையில் விற்கிற தண்டவாளம் 16.5. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடுகிற 1435 மில்லிமீற்றர் பாதைக்குச் செய்தது அது. அதன்மேல் யாழ் தேவியை வைத்தால் பெட்டி அகலமாகவும் கால் ஒடுங்கியும் நிற்கும். தெரிந்த கண்ணுக்கு உடனே உறுத்தும். எங்கள் எஞ்சினையும் பெட்டியையும் கடையில் பெட்டி பெட்டியாக அடுக்கி விற்கிற கம்பனியும் கிடையாது. ஆகவே எந்த வெளிநாட்டுச் சஞ்சிகையை எடுத்தாலும், புதிய சாமான்களின் விமர்சனமும் விளம்பரமும் எங்களுக்குப் பார்க்க மட்டும்தான். மிச்சப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் நாங்கள் மதிப்புப் போடவேண்டும்.

சரி, அமெரிக்கச் சஞ்சிகையிலிருந்து தொடங்குகிறேன். 'மொடல் ரெயில்ரோடர்' 1934 ஜனவரியில் மில்வாக்கியில் அல் கால்ம்பாக் தொடங்கியது. தொண்ணூறு ஆண்டு அவர் பெயரோடே இருந்த நிறுவனம் 2024இல் அதை வேறு கைக்கு விற்றது. கொட்டாஞ்சேனை நண்பர் பல வருடம் சந்தா கட்டினார். 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் 350ஐயும் தாண்டியபோது நிறுத்தினார். இப்போது திரும்பக் கட்டலாமா என்று யோசிக்கிறார். சஞ்சிகையைப் பற்றி அவருக்கே மனக்குறை இருக்கிறது. முன்பு கையில் எடுத்தால் பாரமாக இருந்தது, இப்போது மெலிந்துவிட்டது என்கிறார். தண்டவாளத்துக்குச் சரளை போடுவது எப்படி, பாதை பிரிகிற பொயின்ற்றுக்கு வயர் இழுப்பது எப்படி என்று அதே கட்டுரை திரும்பத் திரும்ப வருகிறது என்றும் சொல்கிறார்.

இரண்டும் உண்மை. விளம்பரம் இணையத்துக்குப் போனதால் பக்கம் குறைந்தது. பாடம் திரும்ப வருவதற்கு, ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒருவன் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருவதே காரணம். அவனுக்கும் யாராவது சரளை போடக் கற்றுத்தரத்தானே வேண்டும். ஆனால் மூன்று வருடம் வாசித்தவருக்கு அதில் புதிதாக அதிகம் இருக்காது. இது ஆயுள் சந்தா கட்டவேண்டிய சஞ்சிகை இல்லை என்பது என் முடிவு.

அதற்காக அதை ஒதுக்கிவிடவும் முடியாது. எங்கள் எம்2 டீசல் எஞ்சின்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த ஜெனரல் மோட்டர்ஸ் எஞ்சின்கள் அவை. அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று கனடிய மாகாணங்களின் பெயர் இன்றும் அவற்றின் பக்கத்தில் இருக்கிறது. எம்4 எஞ்சின்கள் மொன்றியலில் செய்தவை. இவை எல்லாம் வட அமெரிக்க இரத்தம். கைப்பிடிக் கம்பி எப்படி வளைகிறது, எஞ்சின் மூடியின் கதவுப் பூட்டு எங்கே வரும், புகைபோக்கியைச் சுற்றி கரி எப்படிப் படியும், வெயிலில் மங்கிய வர்ணத்தை எப்படிக் காட்டுவது என்றெல்லாம் எழுதுவதில் அமெரிக்கச் சஞ்சிகையை அடிக்க ஆளில்லை. எம்2 கட்டப் போகிறவர் இதை வாசிக்காமல் தொடங்கக்கூடாது.

மேசைச் சட்டத்திலும் அப்படித்தான். நீண்டகாலம் அதன் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்கொட் 1960களில் ஒரு முறையைப் பரப்பினார். இரண்டு பலகைக் கீற்றை எல் எழுத்தைக் கவிழ்த்த மாதிரி ஒட்டி நீளச்சட்டமாக்குவது, குறுக்குச்சட்டங்களை அதன்மேல் வைத்து அடியிலிருந்து ஸ்க்ரூ போடுவது. மேலே தண்டவாளமும் மலையும் போட்ட பிறகும் குறுக்குச்சட்டத்தைக் கழற்றி நகர்த்தலாம். வெள்ளவத்தையில் கடலுக்கு இருநூறு மீற்றரில் இருக்கிறவனுக்கு இதன் அருமை தெரியும். ஒரு மாரி போனதும் ஏதாவது ஒரு சட்டம் முறுகத்தான் செய்யும். அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றியிருக்கிறேன். மேலே ஒரு துண்டு சரளைகூட அசையவில்லை.

குறை என்னவென்றால் இடம். அவர்களுடைய கணக்கு நிலவறை வீட்டுக் கணக்கு. தொடக்கக்காரனுக்கென்று காட்டுவதே எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை. புறக்கோட்டையிலும் பலகை அதே அளவில்தான் கிடைக்கிறது, தொடர்மாடியில் அதை விரிக்க அறைதான் இல்லை.

இந்த இடத்தில் இங்கிலாந்துச் சஞ்சிகை முன்னுக்கு வருகிறது. 1949இல் தொடங்கிய 'ரெயில்வே மொடலர்' டெவன் கரையோரம் பியர் என்ற ஊரிலிருந்து வருகிறது. மாதிரி ரயில் தண்டவாளம் செய்கிற பீக்கோ கம்பனிதான் வெளியிடுகிறது. "தண்டவாளம் விற்கிறவனே சஞ்சிகையும் போட்டால் அது விளம்பரம்தானே?" என்று தெஹிவளைத் தம்பி கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அங்கே படம் வருகிற அமைப்புகளில் பெரும்பாலானவை வாசகர்கள் தங்கள் வீட்டில் கட்டியவை. சின்ன வீட்டில் கட்டியவை. அதனால்தான் எங்களுக்குப் பொருந்துகிறது.

அதன் ஆசிரியராக இருந்த சிரில் ஃப்ரீசர் 1957இல் 'மினரீஸ்' என்றொரு நிலைய வரைபடம் போட்டார். நகரத்து நடுவில் ஒரு முனைய நிலையம், மூன்று மேடை, ஒரு சுவரோரம் அடங்கிவிடும். பொயின்ற்றுகளை அவர் வைத்த முறையில் ரயில் பெரும்பாலும் நெளியாமல் மேடைக்குப் போகும். அறுபது வருடத்துக்கு மேலாகியும் ஆட்கள் இன்னும் அதைக் கட்டுகிறார்கள். மற்றது, மறைவு யார்ட். நிலையத்துக்கு அப்பால் ஒரு தடுப்பு, அதன் பின்னால் நாலைந்து தண்டவாளம். ரயில் அங்கே போய் மறைந்தால் அது மாத்தறைக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். என் ஏழடிச் சுவரில் ரயில் ஓடுவது இந்த ஒரு யோசனையால்தான்.

அண்ணை சொல்வது இன்னொன்று. "தம்பி, எங்கட ஸ்டேஷனைக் கட்டினவன் வெள்ளைக்காரன். மேடையின்ர உயரம், கைகாட்டி, சிக்னல் கபின், ஒற்றைப் பாதையில ரயிலை விடுறதுக்கு டப்லட் குடுக்கிற பெட்டி, எல்லாம் அவன்ர புத்தகத்திலதான் இருக்கு." முழுக்கச் சரி. 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடிய நாள் முதல் பாதையின் எலும்புக்கூடு பிரித்தானியப் பாணிதான். ஆகவே எஞ்சினுக்கு அமெரிக்கச் சஞ்சிகை, நிலையத்துக்கு இங்கிலாந்துச் சஞ்சிகை என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

யாரும் கவனிக்காத ஒரு நன்மையும் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர்களின் 'ஓஓ' அளவிலும் தண்டவாளம் ஒடுங்கலானது. 76இல் ஒரு பங்கு எஞ்சினை அதே 16.5 மில்லிமீற்றரில் ஓடவிடுகிறார்கள். அது பொறுக்காத ஒரு கூட்டம் 18.2 என்றும் 18.83 என்றும் தண்டவாளத்தைத் தாங்களே அகட்டிக்கொண்டது. அயர்லாந்துப் பாதையைச் செய்கிறவர்கள் 21 வரை போகிறார்கள். அச்சை மாற்றுவது, சில்லை வெளியே தள்ளுவது, சிலிப்பர் கட்டையில் தண்டவாளத்துக்கு ஈயம் பிடிப்பது என்று இவர்கள் எழுதியதெல்லாம் எங்கள் 19.3க்கு நேரே உதவும். அகலப்பாதையைச் சரியான அளவில் செய்ய நினைக்கிற இலங்கையருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறெங்கும் கிடைக்காது. பிரித்தானியா அல்லாத நாட்டு ரயில்களுக்கென்று அதே பீக்கோ 1979 முதல் 'கொண்டினென்டல் மொடலர்' போடுகிறது. அதையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

காகிதமா, திரையா என்பதிலும் கருத்து வேறுபாடு. காகிதத்தில் வரைபடம் அளவோடு அச்சாகியிருக்கும், அடிமட்டத்தை மேலே வைத்து அளக்கலாம், திரையில் முடியாது என்பது அண்ணையின் வாதம். ஓஓ வரைபடத்தை எச்ஓவுக்கு மாற்ற, ஃபொட்டோகொப்பிக் கடையில் 87.5 வீதம் என்று சொன்னால் போதும். ஆனால் வெளிநாட்டிலிருந்து தாள் இதழ் எடுப்பதை நான் விட்டுவிட்டேன். ஒருமுறை இரண்டு மாதம் பிந்தி, நனைந்து, வழுவழுத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டியாக வந்தது. ஒரு பக்கத்தையும் பிரிக்க முடியவில்லை. அந்த இதழுக்காகக் காத்திருந்த நாட்களை நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது. வீட்டுக்குள் வந்தாலும் உப்புக்காற்றும் இராமபாணப் பூச்சியும் விடுவதில்லை. எனக்கு இலக்கப் பதிப்பு, அண்ணைக்குத் தாள். இதில் நாங்கள் ஒத்துப்போகப் போவதில்லை.

இலவசப் பக்கத்துக்குச் சுருக்கமாகவே இடம் கொடுக்கிறேன். 2009இல் 'மொடல் ரெயில்ரோட் ஹொபிஸ்ட்' இலவசமாகத் தரவிறக்கக்கூடிய சஞ்சிகையாக வந்தது. அதைவிட, யூடியூப் காணொளிகளுக்குக் கணக்கில்லை. டிஜிட்டல் கட்டுப்பாடு, ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை, முப்பரிமாண அச்சு, இவற்றில் தம்பி சொல்வதே சரி. அச்சுச் சஞ்சிகை அந்த வேகத்துக்கு ஓடமுடியாது. ஆனால் கையால் செய்யும் வேலையில் காணொளி என்னைப் பலமுறை ஏமாற்றியது. கை தெரியும், அளவு தெரியாது. நாற்பது நிமிடம் பார்த்த பிறகும் அந்தத் தகரம் எத்தனை மில்லிமீற்றர் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். எழுதுகிறவன் அளவைத் தப்பவிட்டால் ஆசிரியர் திருப்பிக் கேட்பார். அந்த ஆசிரியருக்குக் கொடுக்கிற காசை நான் வீண் என்று நினைப்பதில்லை.

இனி மருதானை. டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது ஒரு கட்டு கிடைக்கும். எனக்கு எழுபதுகள், எண்பதுகளின் அமெரிக்க, ஆங்கில இதழ்கள் கலந்த ஒரு கட்டு கிடைத்தது. இன்றைய ஒரு வருடச் சந்தாவை அதற்குப் பக்கத்தில் வைக்கவே மாட்டேன். காரணம் இதுதான்: அந்தக் காலத்து வாசகனுக்கும் கடையில் அதிகம் கிடைக்கவில்லை. கடுதாசி மட்டை, தீப்பெட்டிக் குச்சி, செப்புக் கம்பி, சமையல் அலுமினியத் தாள் என்று வீட்டில் இருந்ததை வைத்துச் செய்தான். இன்று கொழும்பில் இருக்கிற நாங்களும் அதே இடத்தில்தான் நிற்கிறோம். அலுமினியத் தாளை வரிவரியான அச்சின்மேல் வைத்து அழுத்தித் தகரக் கூரை செய்யும் வழி அந்தக் கட்டில்தான் எனக்குக் கிடைத்தது. இன்று அதே கூரையை அச்சடித்த பிளாஸ்டிக்காக வாங்கச் சொல்கிறார்கள்.

அந்தக் கட்டில் ஒடுங்கிய பாதை பற்றிய ஒரு கட்டுரையும் இருந்தது. எச்ஓ அளவு எஞ்சினின் உடலை, அதைவிடச் சின்ன 'என்' அளவின் 9 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் ஓடவிடும் முறை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பென்சிலை எடுத்தேன். எங்கள் களனிவெளிப் பாதை 2 அடி 6 அங்குலம், 762 மில்லிமீற்றர். 87ஆல் பிரித்தால் 8.76. கடையில் கிடைக்கும் 9க்கு கால் மில்லிமீற்றர் கூட வித்தியாசமில்லை! அகலப்பாதைக்கு வாய்க்காத பொருத்தம், தொண்ணூறுகளில் அகலப்பாதையாக மாற்றப்பட்ட அந்தச் சின்னப் பாதைக்கு வாய்த்திருக்கிறது. எட்டு வயதில் அப்பாவோடு நுகேகொடையில் ஏறி அவிசாவளைக்குப் போன பெட்டி அது. இப்போது என் சுவரில் இருப்பது பாதுக்கை நிலையம். அந்த நாலு பக்கம் இல்லாவிட்டால் நான் இன்னும் யாழ் தேவியின் ஒடுங்கிய காலைப் பார்த்து மனம் நொந்துகொண்டிருப்பேன்.

பழைய இதழ் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலை செய்யும் கலவையில் அஸ்பெஸ்டஸ் தூள் சேர்க்கச் சொல்லும் கட்டுரைகள் அவற்றில் வரும். காபன் டெட்ராகுளோரைட்டால் தண்டவாளம் துடைக்கச் சொல்வதும் வரும். இரண்டும் உடலுக்கு நஞ்சு. அந்தக் காலத்தில் பலருக்கு அது தெரியவில்லை. மலைக்குக் காகிதக் கூழும் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸும் போதும்.

ஆக, புதிதாகத் தொடங்குகிற ஒருவர் என்னிடம் கேட்டால், முதலில் மருதானையில் ஒரு கட்டுத் தேடச் சொல்வேன். அடுத்தது 'ரெயில்வே மொடலர்' இலக்கப் பதிப்பு ஒரு வருடம். எம்2 போன்ற டீசல் எஞ்சின் கட்டும் காலத்தில் மட்டும் 'மொடல் ரெயில்ரோடர்' சில மாதம். மின்னணு வேலைக்குத் தெஹிவளைத் தம்பி சொல்லும் காணொளிகள். கொட்டாஞ்சேனை நண்பர் இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுவார், அவர் கட்டுவது டீசல் எஞ்சின்கள், எனவே அவருக்கு அது சரி.

வருகிற சனிக்கிழமை அண்ணையும் நானும் மருதானைக்குப் போகிறோம். பாதுக்கைக்கு இன்னும் கைகாட்டி வைக்கவில்லை. அளவோடு அச்சான ஒரு வரைபடம் வேண்டும், தாளில்.