கூலிங் கிளாஸா, ரோஸ் லென்ஸா? தலைக்காயத்துக்குப் பிறகு கண்ணையும் காதையும் காப்பது எது?

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. காயம் ஆறிய பிறகும் என்னை விட்டுப் போகாதவை இரண்டு. வெளிச்சம் பட்டால் கண் கூசித் தலை வலிக்கும். சாதாரணச் சத்தமே மண்டைக்குள் இடிக்கும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பார்கள். கன்கஷனில், அதாவது தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்துபோவதில், அப்படித் தெரியாமல் போவது வழக்கம்தான். ஆனால் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார முடியாதவருக்கு அந்த ரிப்போர்ட் என்ன ஆறுதல் தரும்?

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்குள் எஃப்.எல்.-41 என்ற வகைச் சாயம் போட்ட ரோஸ் லென்ஸ் கண்ணாடி, காதுக்குச் சத்தத்தை முழுதாக அடைக்காமல் குறைக்கும் ஃபில்டர் பிளக். கூலிங் கிளாஸும், காதை அடைக்கும் மெத்தென்ற ஃபோம் பிளக்கும் மலிவு, உடனே கிடைக்கும். ரோஸ் லென்ஸும் ஃபில்டர் பிளக்கும் விலை கூடுதல், ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்ததே. நான் பார்த்தது ஒன்றைத்தான்: கழற்றிய பிறகு என்ன ஆகிறது?

கூலிங் கிளாஸ் சுமார் 80 முதல் 90 சதவீத வெளிச்சத்தைத் தடுத்துவிடும். சித்திரை வெயிலில் அது இல்லாமல் வெளியே போகவே வேண்டாம். சிக்கல் வீட்டுக்குள் போடுவதில்தான். இருட்டில் இருக்கும் கண் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுக்குப் பழகும். முழுதாகப் பழக அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பிடிக்கும். நாள் முழுக்கக் கருப்புக் கண்ணாடியோடு இருந்தால் கண் அந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. பிறகு முகம் கழுவக் கழற்றினால் பாத்ரூம் பல்புகூடக் குத்தும். அதனால் இன்னும் கருப்பான கண்ணாடி, அப்புறம் ஜன்னலுக்குத் திரை, அப்புறம் பூட்டிய அறை. வீட்டுக்குள் கூலிங் கிளாஸ் வேண்டாம் என்று நரம்பு சார்ந்த கண் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

ரோஸ் லென்ஸ் எல்லா வெளிச்சத்தையும் மறைப்பதில்லை. நீலமும் பச்சையும் சேரும் பகுதியை, ஏறத்தாழ 480 முதல் 520 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளியை, குறிவைத்துக் குறைக்கிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் இருக்கின்றன. உருவம் பார்ப்பது அவற்றின் முக்கிய வேலை அல்ல. கண்மணி சுருங்குவதற்கும் உடலின் நேரக் கணக்குக்கும் தகவல் அனுப்புபவை. 480 நானோமீட்டர் பக்கத்து ஒளிதான் அவற்றை அதிகம் தூண்டும். வலி நரம்புகளின் பாதையோடும் அவற்றுக்குத் தொடர்பு உண்டு. உருவம் தெரியாத அளவுக்குப் பார்வை இழந்த மைக்ரேன்காரர்களில், அதாவது ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில், சிலருக்கும் வெளிச்சத்தில் வலி கூடுவதை 2010இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். விழியையே இழந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. 1991இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வில், ரோஸ் டின்ட் போட்ட கண்ணாடி அணிந்த குழந்தைகளுக்கு மைக்ரேன் சராசரியாக மாதத்துக்கு 6.2 முறையிலிருந்து 1.6ஆகக் குறைந்தது. சிறிய ஆய்வு, அதுவும் மைக்ரேனுக்கு. தலைக்காயத்துக்கு அங்கிருந்து கடன் வாங்கித்தான் பயன்படுத்துகிறோம். எனக்கு உதவியது. கழற்றினாலும் அறை பழையபடியே இருந்தது, பளீரென்று அடிக்கவில்லை.

வாங்கும்போது கவனம் தேவை. “ரோஸ் டின்ட்தானேக்கா? நாளைக்கே போட்டுத் தர்றேன்” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது அழகுக்குப் போடும் சாயம். நிறம் ஒன்றாக இருந்தாலும் அது அந்த நீலப்பச்சைப் பகுதியைத் தடுக்கும் என்ற உறுதி இல்லை. எஃப்.எல்.-41 என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எந்த ஒளி எவ்வளவு உள்ளே போகிறது என்ற வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். ராத்திரி வண்டி ஓட்டும்போது எந்த டின்ட்டும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய சோக் போட்ட டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும், மலிவான எல்.இ.டி. பல்புகளில் பலவும் அப்படியே. போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தால் துடிப்பு தெரிந்துவிடும். மின்விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் றெக்கைகள் வெளிச்சத்தை வெட்டி வெட்டி அறை முழுக்க அடிக்கும். அந்த விளக்கை அணைத்துவிட்டு, டேபிள் லாம்ப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். கண்ணாடிக்குச் செலவு செய்வதற்கு முன் செய்ய வேண்டியது இது.

காதுக்கும் அதே கேள்விதான். ஃபோம் பிளக்கின் பெட்டியில் 30 டெசிபல் பக்கம் போட்டிருக்கும். கீச்சுச் சத்தங்களை அதிகமாகவும் கனத்த சத்தங்களைக் குறைவாகவும் தடுப்பதால் பேச்சு மங்கிவிடும். அம்மா “சாப்பிட வாடி” என்றது கேட்காது. ஆனால் நான் அப்பளம் மெல்லுவது தலைக்குள் நொறுங்கும். இதைவிடப் பெரிய சங்கடம், சத்தம் வராதபோது மூளை தன் வால்யூமை ஏற்றிக்கொள்வது. 2003இல் வந்த ஆய்வு ஒன்றில், நல்ல காது உள்ளவர்களே இரண்டு வாரம் பிளக் போட்டிருந்த பிறகு சத்தத்துக்குக் கூடுதலாகக் கூசினார்கள். மெல்லிய இரைச்சலைக் கேட்டபடி இருந்தவர்களுக்குத் தாங்கும் சக்தி கூடியது.

ஃபில்டர் பிளக் 1980களின் இறுதியில் இசைக்கலைஞர்களுக்காக வந்தது. எல்லாச் சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபல் போல, இறக்கும். தொட்டியில் எவர்சில்வர் கரண்டி விழுந்தால் அது கரண்டிதான் என்று தெரியும், ஆனால் அடிக்காது. அம்மாவின் பேச்சும் தெளிவாகக் கேட்கும். காது வேலை செய்துகொண்டே இருப்பதால் கழற்றும்போது பெரிய அதிர்ச்சி இல்லை. பட்டாசுக்கும் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கருக்கும் இது போதாது. அங்கே ஃபோம்தான், அதுவும் அந்த நேரத்துக்கு மட்டும்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனை நான் இரவல் வாங்கிக் கொஞ்ச நாள்தான் போட்டேன். பஸ் இன்ஜின், ஜெனரேட்டர் போன்ற ஒரே சீரான இரைச்சலை அருமையாக அடக்கியது. குக்கர் விசிலும் ஹாரனும் தப்பித்து வந்தன. எனக்குத் தலையில் அழுத்தம் தாங்கவில்லை. அந்த அழுத்தம் தொல்லை தராதவர்களுக்கு அது ஒத்துப்போகலாம். பஸ் பயணம் அதிகம் உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்டு அதை ஒதுக்கிவிட வேண்டாம்.

எதை வாங்கினாலும் தினமும் கொஞ்ச நேரம், அமைதியான வேளையில், எதுவும் போடாமல் இருந்து பழகுங்கள். தாங்கத் தாங்க அந்த நேரத்தைக் கூட்டுங்கள். தலைவலி திடீரென்று ஏறினாலோ, வாந்தியோ மயக்கமோ வந்தாலோ கண்ணாடியும் பிளக்கும் அப்புறம், உடனே ஆஸ்பத்திரி. சாலையைக் கடக்கும்போது ஃபில்டர் பிளக்கையும் ஒரு காதிலாவது கழற்றிவிடுங்கள். வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைத் தலையைத் திருப்பிப் பார்த்த பிறகே காலை எடுத்து வையுங்கள்.