அப்பா அம்மாவுக்கு லேப்டாப்: விமானத்துக்கு முந்தைய நாள் வாங்காதீர்கள்

வெளிநாட்டிலிருந்து மூன்று வார விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு லேப்டாப் வாங்கும் வேலையைக் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளிவைப்பது வழக்கம். கல்யாணம், குலதெய்வம் கோயில், பட்டுப்புடவை எல்லாம் முடிந்தபிறகு, பெட்டி கட்டும் அவசரத்தில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு ஓட்டம். வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். மலிவு லேப்டாப்பின் குறைகள் கடையில் தெரியாது, வீட்டில் பத்து நாள் ஓடினால்தான் தெரியும். நாலு மணி நேரம் என்று சொன்ன பேட்டரி ஒன்றரை மணியில் படுக்கும். கூடத்தில் கிடைத்த ஒய்ஃபை படுக்கையறையில் அறுந்துபோகும். அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்க எழுபது வயதுக்காரரால் ஆகாது. இறங்கிய முதல் வாரத்திலேயே வாங்கி, மீதி நாட்களை அதைச் சோதிக்க வைத்துக்கொள்வதுதான் உருப்படியான வழி.

வெளிநாட்டிலிருந்தே கொண்டுவந்துவிடலாமே என்ற யோசனை எல்லாருக்கும் வரும். 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். உங்கள் சொந்த லேப்டாப்பும் கையில் இருந்தால், இரண்டாவது அந்தச் சலுகைக்குள் வராது. மின்சாரம் பிரச்சினையே இல்லை. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், இங்கே 230. சுவரில் செருகும் ஒயரை மட்டும் மாற்றினால் போதும். அடாப்டரில் நுழையும் முனை மூன்று குழியோடு மூவிலை வடிவில் இருந்தால் உள்ளூர்க் கடையிலேயே உருண்டைப் பின் ஒயர் கிடைக்கும். சிக்கல் வாரண்ட்டியில்தான். விலை குறைந்த வீட்டு உபயோக மாடல்களின் வாரண்ட்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். துபாயில் மிச்சம்பிடித்த இரண்டாயிரம் ரூபாய் தஞ்சாவூரில் திரை போனால் எதற்கும் உதவாது. பயன்படுத்தப்போகிறவர் ஊரில் இருந்தால் ஊரில் வாங்குங்கள். இங்கே வாங்கி வெளியே எடுத்துப்போகிறவர்கள், ஜிஎஸ்டி 18 சதவீதம் விமான நிலையத்தில் திரும்பி வரும் என்று கணக்குப் போட வேண்டாம். அந்த ஏற்பாடு சட்டத்தில் எழுதியிருக்கிறதே தவிர நடைமுறைக்கு வரவில்லை.

அடுத்தது, என்ன வாங்குவது. யூடியூப், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் வெப், பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால், கரண்ட் பில். இதற்கு மேல் இந்த லேப்டாப்பில் எதுவும் நடக்கப்போவதில்லை. இதற்கு 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 256 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான பகுதி), 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஐபிஎஸ் திரை (பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாதது) போதும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். இவை சரியாக இருந்தால், லேப்டாப்பின் மூளையான பிராசசர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

4 ஜிபி ராமோடு, எஸ்எஸ்டிக்குப் பதில் 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவுச் சேமிப்புச் சிப் வைத்த மாடல்கள் கண்ணைக் கவரும் விலையில் தொங்கும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி, 64 ஜிபிதான். அதாவது உள்ளே நுழைய மட்டும் அனுமதி, உட்கார இடமில்லை. குரோமில் நாலு தாவல் திறந்ததுமே ராம் நிரம்பி, மிச்சம் இஎம்எம்சிக்கு வழிய ஆரம்பிக்கும். அது எஸ்எஸ்டியைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால் மவுஸ் அம்புக்குறியே தயங்கித் தயங்கி நகரும். ஆறு மாதத்தில் பெரிய அப்டேட் வந்தால் இறக்க இடம் இருக்காது. இஎம்எம்சி போர்டோடு பற்றவைத்தது, மாற்றவும் முடியாது. இந்த ரகம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

பிராசசரில், என்4020, என்4500 என்று இருந்தால் இரண்டே கோர் (கணக்குப் போடும் பகுதி) உள்ள இன்டெல் செலரான், விட்டுவிடுங்கள். என்100 நாலு கோர், 2023-ல் வந்தது, மின்சாரம் கொஞ்சமாகத்தான் இழுக்கும், பிரவுசிங்குக்குத் தாராளம். யூடியூப் இப்போது அதிகம் அனுப்பும், ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவைத் தனிச் சுற்றிலேயே பிரித்துக்கொள்ளும் வசதி என்100-ல் உண்டு, என்4020-ல் கிடையாது. இல்லாதபோது அந்த வேலை முழுக்க பிராசசர் தலையில் விழுகிறது. பழைய லேப்டாப்பில் பாட்டு வீடியோ போட்டாலே விசிறி கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். கொஞ்சம் கூடப் போட்டால் ஐ3-1215யு, ஆறு கோர். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 3 7320யு என்று ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கும். முதலில் நிற்கும் 7 விற்பனை ஆண்டுக்கான குறி, மூன்றாவது இலக்கமான 2-தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறை. அது 2019-ல் வந்த ஜென் 2. பிரவுசிங்குக்கு அதனால் குறை ஒன்றுமில்லை. ஆனால் அதன் ராம் போர்டிலேயே பற்றவைத்தது. 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். ‘அப்புறமா ராம் ஏத்திக்கலாம் சார்’ என்று யாராவது சொன்னால், மாடல் எண்ணைப் போட்டுக் கம்பெனி தளத்தில் ஸ்லாட் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

இந்த அளவில் புதியது ஏறக்குறைய 30,000 முதல் 38,000 ரூபாய். 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறியதால் இதைவிடக் கூடவும் கேட்கலாம்.

ரிச்சி தெரு அண்ணா சாலையை ஒட்டித்தான். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். காரில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. புதிய லேப்டாப்பை இங்கேதான் வாங்க வேண்டும் என்பதில்லை. பெரிய ஷோரூம்களுக்கும் இங்கேயும் ஆயிரம், இரண்டாயிரம்தான் வித்தியாசம் இருக்கும், அதுவும் ‘பில்லோடயா, பில் இல்லாமயா?’ என்ற கேள்வியில் கரைந்துவிடும். பில் இல்லாமல் புதியது வாங்காதீர்கள். வாரண்ட்டிப் பேச்சு வந்தால் முதலில் கேட்பதே அதைத்தான். வெளிநாட்டு அட்டையைத் தேய்த்தால் இரண்டு சதவீதம் கூடக் கேட்பவர்கள் உண்டு. உள்ளூர்க் கணக்கோடு இணைத்த யூபிஐ இருந்தால் அந்தப் பேச்சே வராது.

புதியதை வாங்கும்போது பெட்டியைக் கடையிலேயே பிரியுங்கள். அட்டைப்பெட்டியில் ஒட்டியுள்ள சீரியல் எண், லேப்டாப் அடியில் இருப்பது, பில்லில் எழுதியது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணை அங்கேயே கைப்பேசியில் கம்பெனி தளத்தில் போட்டால் வாரண்ட்டி எந்தத் தேதியில் முடிகிறது என்று காட்டும். சில சமயம் வாரண்ட்டி தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய நாளிலிருந்தே ஓட ஆரம்பித்து, மூன்று நான்கு மாதம் ஏற்கெனவே கரைந்திருக்கும். பில்லை ஏற்றித் தேதியைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். கேட்காவிட்டால் யாரும் திருத்தித் தரமாட்டார்கள். இன்னொன்றும் அதே பக்கத்தில் தெரியும்: ஆன்சைட்டா (ஆள் வீட்டுக்கே வந்து சரிசெய்வது), கேரி-இன்னா என்று. கடைக்காரர் வாயில் எல்லாமே ஆன்சைட்தான். கேரி-இன் என்றால் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். ஆன்சைட்டாகவே இருந்தாலும் உங்கள் ஊர் பின்கோடுக்கு ஆள் வருவாரா என்று கேளுங்கள். சென்னையில் வாங்கிக் கிராமத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு எந்தக் கம்பெனி என்பதையே இந்த ஒரு விஷயம் தீர்மானித்துவிடும். பக்கத்து டவுனில் எந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதோ, அந்தக் கம்பெனி.

பை, மவுஸ், ஆன்டிவைரஸ் என்று ஒரு கட்டு தருவார்கள். ஆன்டிவைரஸுக்குத் தனிக் காசு வேண்டாம். விண்டோஸோடு வருவதே வீட்டுக்குப் போதும். எம்எஸ் ஆஃபீஸ் சேர்ந்து வருகிற மாடல் என்றால் அது ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். கடைப் பையன் வேகமாகச் செய்துதருகிறேன் என்று ஏதோ ஒரு மின்னஞ்சலில் கணக்குத் திறப்பதைத் தடுத்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. விண்டோஸ் எஸ் மோடில் இருந்தால் ஸ்டோரில் உள்ள செயலிகள் மட்டுமே ஏறும். அதிலிருந்து வெளியே வருவது இலவசம், ஆனால் ஒருவழிப் பாதை.

ரிச்சி தெருவும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவும் உண்மையில் கைகொடுப்பது பழைய லேப்டாப்பில்தான். கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலீட்புக் வரிசைகள். கீபோர்டும் கீலும் 35,000 ரூபாய்ப் புதுசைவிட உறுதியாக இருக்கும். ‘ஐ5 சார், பதினாலாயிரம்தான்’ என்பார்கள். ஐ5 என்பது பாதிப் பெயர், மீதியைக் கேளுங்கள். ஐ5-6300யு என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-7300யு ஏழு, ஐ5-8350யு எட்டு. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்பது எட்டிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஆறாம் தலைமுறையில் விண்டோஸின் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குறுக்குவழியில் 11-ஐப் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஓடும், ஆனால் வருடாந்திரப் பெரிய அப்டேட் தானாக வராது. ஒவ்வொரு முறையும் யாராவது கையால் ஏற்ற வேண்டும். வங்கிக் கணக்கு பார்க்கிற லேப்டாப்புக்கு அது சரிப்படாது.

எட்டாம் தலைமுறையில் திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 7490, எலீட்புக் 840 ஜி5 மூன்றும் அடிக்கடி கண்ணில் படும். 15,000 முதல் 20,000 வரை கேட்பார்கள். டி480-ல் உள்ளே ஒன்று, வெளியே கழற்றக்கூடியது ஒன்று என இரண்டு பேட்டரி. அதன் யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை (அந்த யூஎஸ்பி-சி துளையை இயக்கும் உள்மென்பொருள்) புதுப்பிக்காமல் விட்ட டி480-களில் அந்தத் துளை செத்துப்போவது தெரிந்த வியாதி. எலீட்புக்கில் சிலவற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாத மறைவுத் திரை இருக்கும். அணைத்து வைத்தாலும் சாதாரணத் திரை அளவுக்குப் பளிச்சென்று இராது. அப்பாவும் அம்மாவும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ கால் பேசும் வீட்டுக்கு அது வேண்டாம். திங்க்பேட் எக்ஸ்280 கையடக்கமாக அழகாக இருக்கும், ராம் பற்றவைத்தது, கவனம்.

பழையதில் நான்கு சோதனைகளைக் கடையிலேயே செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் பிடிக்கும். முகம் சுளித்தால் அடுத்த கடை.

முதலில் பேட்டரி. கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து powercfg /batteryreport என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு பக்கம் உருவாகும், பிரவுசரில் திறக்கலாம். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது 24,000, இரண்டாவது 14,000 என்றால் பேட்டரி அறுபது சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. மாற்றிக் கொடுங்கள் அல்லது விலையைக் குறையுங்கள் என்று கேட்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. சைக்கிள் கவுண்ட் (எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது) இடத்தில் வெறும் கோடு இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் உரிமம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். டிஜிட்டல் லைசென்ஸ் என்று காட்டினால் நல்லது. கம்பெனி லேப்டாப்களில் உரிம எண் பயாஸிலேயே (போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) பதிந்திருக்கும் என்பதால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அது பெரும்பாலும் திருட்டு ஆக்டிவேட்டர். அதோடு கூடவே வேறு என்ன ஏறியிருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.

மூன்றாவதைத்தான் பலர் செய்வதில்லை. லேப்டாப்பை முழுக்க ரீசெட் செய்யச் சொல்லி, முதல் திரையில் உங்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டோடு இணையுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரும், அந்த அலுவலக மின்னஞ்சலைக் கேட்கும் பெட்டியும் எழுந்தால், அந்த லேப்டாப் இன்னும் பழைய கம்பெனியின் ஆட்டோபைலட் பட்டியலில் (கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களைத் தூரத்திலிருந்தே கட்டுப்படுத்தும் மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு) இருக்கிறது. நெட் இணைக்காமல் விண்டோஸ் போட்டு விற்றால் இது வெளியே தெரியாது. ஒரு வருடம் கழித்து நீங்கள் ரீசெட் செய்யும் அன்றுதான் பூட்டிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் போகாது, ஏனென்றால் அடையாளம் போர்டில் இருக்கிறது. பட்டியலிலிருந்து நீக்க அந்தக் கம்பெனியால்தான் முடியும். அதே கையோடு பயாஸுக்குள் நுழைந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நான்காவது கண்ணும் கையும் செய்கிற வேலை. முழு வெள்ளைப் பக்கம், முழுக் கறுப்புப் பக்கம் திறந்து திரையில் புள்ளி, கறை பாருங்கள். மூடியை மெதுவாக மூடித் திறக்கும்போது திரை மினுக்கினால் கீல் வழியே போகும் கேபிள் நைந்திருக்கிறது. ஒவ்வொரு விசையும், கேமரா, ஸ்பீக்கர், மைக். இதெல்லாம் தேறினால் ‘டெஸ்டிங் வாரண்ட்டி’ எத்தனை நாள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு வாரம் என்று ஆரம்பிப்பார்கள், ஒரு மாதத்துக்கு இழுக்கலாம். எழுதியதிலிருந்து நழுவினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டுக்கு வந்தபின் மிச்சம் கொஞ்சம்தான். விண்டோஸ் 11-ல் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும், வேறு மென்பொருள் தேட வேண்டாம். கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ரூட்டர் படுத்துவிடும். அதனால் ரூட்டர் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து ஒரு மினி யூபிஎஸ் வாங்கி மாட்டுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும்.

தூரத்திலிருந்து உதவ, விண்டோஸோடு வரும் குவிக் அசிஸ்ட் போதும். நீங்கள் ஒரு எண் அனுப்புவீர்கள், அவர்கள் அதை அடித்தால் அவர்கள் திரை உங்களுக்குத் தெரியும். இதே கருவியைத்தான் ‘பேங்க்ல இருந்து பேசறோம்’ கும்பலும் பயன்படுத்துகிறது. அதனால் ஊரில் இருக்கும்போதே இரண்டு முறை ஒத்திகை பாருங்கள், ஒருமுறை நீங்கள் மாடியில், அவர்கள் கீழே. நீங்கள் வீடியோ காலில் முகம் காட்டிக் கேட்டாலொழிய யார் எண் சொன்னாலும் அடிக்கக்கூடாது என்பதையும் அந்த ஒத்திகையிலேயே பழக்கிவிடுங்கள். பில்லையும் அடியில் உள்ள சீரியல் எண்ணையும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். தாள் பில் வெயிலில் மங்கிவிடும்.