கருக்கலைப்பு உரிமை: தென் கரோலினா, கேன்சஸ், மிச்சிகன் மூன்றில் எது உறுதி?

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில், கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கியிருந்த பழைய ரோ தீர்ப்பை ரத்து செய்ததும், கருக்கலைப்பு உரிமை மொத்தமும் மாநிலங்களின் கைக்குப் போனது. அப்புறம் பெண்கள் நம்பி நிற்க மாநில சாசனமும் மாநில நீதிபதிகளும்தான் மிச்சம்.

தென் கரோலினாவில் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. அந்த மாநில சாசனத்தில், அந்தரங்கத்தில் நியாயமின்றித் தலையிடக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதை வைத்து 2023 ஜனவரியில் ஆறு வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 3-2 என்று ரத்து செய்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதிய கே ஹெர்ன்தான் அங்கிருந்த ஒரே பெண் நீதிபதி. ஆறு வாரம் என்றதும் யோசிக்க ஒன்றரை மாதம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது, நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நாலு வாரம் ஓடியிருக்கும், மிச்சமுள்ள இரண்டு வாரத்துக்குள் பரிசோதித்து, முடிவெடுத்து, மருத்துவரைத் தேடி, பணம் புரட்டி, வேலையில் லீவும் சொல்ல வேண்டும். இந்த அவகாசம் போதாது என்றுதான் ஹெர்ன் எழுதினார். 72 வயது வரம்பால் அவர் ஓய்வு பெற்றார். அங்கே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதே சட்டமன்றம்தான், அவர் இடத்துக்கு ஓர் ஆண் வந்தார். மே மாதம் கிட்டத்தட்ட அதே சட்டம் மறுபடி நிறைவேறியது, ஆகஸ்டில் நீதிமன்றம் 4-1 என்று அதை ஏற்றது. சாசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

கேன்சஸ் நேர்மாறு. 1859-இல் எழுதிய சாசனத்தின் இயற்கை உரிமைகள் என்ற பொதுவான வரிக்குள், தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையும் அடங்கும் என்று 2019-இல் நீதிமன்றம் 6-1 என்று சொன்னது. அதை மாற்ற சட்டமன்றம் 2022 ஆகஸ்டில் வாக்கெடுப்புக்குப் போனது. அவ்வளவு பழமைவாத மாநிலத்தில் சுமார் 59 சதவீதம் பேர் அந்த மாற்றம் வேண்டாம் என்றுவிட்டார்கள். 2024-இல் நீதிமன்றம் அதே நிலையை மறுபடி உறுதிசெய்தது. ஆனால் 2025-இல் சட்டமன்றம் நீதிபதிகளை நியமிக்கும் முறையையே மாற்றும் திருத்தத்தை வாக்கெடுப்புக்கு அனுப்பிவிட்டது. குறி எங்கே என்பது தெரிந்ததுதானே.

மிச்சிகனில் 1931-ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தை முதலில் ஒரு நீதிபதி நிறுத்திவைத்தார், 2022 நவம்பரில் மக்களே வாக்களித்து உரிமையைச் சாசனத்தில் எழுதிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் மூன்றில் மிச்சிகன் வழிதான் உறுதி. நீதிபதி மாறினாலும் எழுத்து அங்கேயே இருக்கும். ஆனாலும் கருக்கலைப்புக்கு முன் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் விதி அதற்கப்புறமும் புத்தகத்தில் இருந்தது. அது அந்தப் புதிய வரிக்கு முரண் என்று 2025 மே மாதம் சொல்ல, அங்கேயும் ஒரு நீதிபதிதான் தேவைப்பட்டார்.